சஷ்டி விரதமும் லித்தியம் குளிசையும்

நான்கு இரவு நித்திரையில்லை. மனைவியின் காப்பை அடகு வைத்து, கடலுக்கே போகாத நான் ஒரு படகு எஞ்சினுக்கு முற்பணம் கட்டியிருந்தேன். பிறகு மூன்று மாதம் கட்டிலை விட்டு எழும்பவில்லை. ஊர் முதலாவதை விசர் என்றது, இரண்டாவதைச் சோம்பல் என்றது. இரண்டும் ஒரே வருத்தம், பெயர் பைபோலர் என்று டொக்டர்தான் சொன்னார்.

லித்தியம் குளிசை போட்டு ஒரு வருடத்தில் சுகம். சுகம் வந்தபிறகு குளிசை எதற்கு? கஷாயமும் மூச்சுப்பயிற்சியும் போதும் என்று ஒருவர் சொல்ல, நிறுத்திவிட்டேன். ஆறாவது கிழமை, இரவு இரண்டு மணிக்கு முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். விடிந்ததும் மனைவி ஓட்டோ பிடித்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

டொக்டர் ஏசவில்லை. "மூச்சுப்பயிற்சி நல்லது, குளிசையோட சேர்த்துச் செய்யுங்கோ. கஷாயத்தை விடுங்கோ, அதில என்ன இருக்கெண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

அப்புறம் நித்திரையைப் பிடித்துக்கொண்டோம். இரவு பத்துக்குப் படுக்கை, காலை ஐந்தரைக்கு எழும்புவது. திருவிழா, கலியாணவீடு எதற்கும் விலக்கில்லை. எழும்பியதும் திருகோணமலை பிரட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைத் தாண்டி, கோணேசர் கோயில் வரை நடை. மான்களுக்கு என் வருத்தம் தெரியாது, அதுவே பெரிய ஆறுதல். பின்னேரம் பிளேன்டீ இல்லை. இதுதான் கஷ்டமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

எனக்குத் தெரியாமல் இருந்தது உப்புச் சங்கதி. லித்தியமும் ஒரு வகை உப்புத்தான். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் அளவு ஏறிவிடும். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் வியர்த்து ஊற்றிய ஒருநாள் கை நடுங்கி, சத்தி எடுத்து, நடை தள்ளாடியது. முதுகு நோவுக்கு இபுப்ரோஃபென் வேறு போட்டிருந்தேன், அதுவும் அளவை ஏற்றுமாம். இப்போது நோவென்றால் பரசிற்றமோல்தான். லித்தியம் அளவு பார்க்க இரத்தம் கொடுக்கும் நாளில், இரவுக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். காலைக் குளிசை இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகுதான் அதைப் போட வேண்டும்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. சிறுவயதிலிருந்து ஆறு நாளும் உபவாசம் இருப்பவன் நான். டொக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அம்மாவுக்கு முகம் வாடிப்போனது. இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, "சரி, உன்ர பங்கையும் நான் பிடிக்கிறன். நீ மத்தியானம் சோத்தைத் தின்னு, உப்புப் போட்டு" என்றார்.

இப்போது ஒரு அப்பியாசக் கொப்பியில் படுத்த நேரம், எழும்பிய நேரம், மனநிலை எல்லாம் நான் எழுதுகிறேன். கடைசிப் பக்கம் மனைவிக்கு. போன கிழமை அவள் எழுதியிருந்தது: "இண்டைக்குக் கதை கொஞ்சம் கூட. முற்றம் கூட்டேல்லை."