பிளாங்க் சுத்தமா?

தாலேட்டைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையே இல்லை. தேடாத இடத்திலும் அது கிடைக்கும். பிவிசியை வளைய வைக்கச் சேர்க்கும் இந்த எண்ணெய் ஆய்வகத் தூசியில், பாட்டில் மூடியில், பைப்பெட் டிப்பில் எல்லாம் இருக்கிறது. சாம்பிளே போடாமல் வெறும் சால்வென்டை (இதுதான் பிளாங்க்) ஜிசி-எம்எஸ்ஸில், அதாவது பொருள்களைப் பிரித்து, உடைத்து, துண்டுகளின் நிறையை அளக்கும் கருவியில், ஏற்றினாலும் தாலேட்டின் அடையாளத் துண்டான 149-இல் பீக் எழும். கண்டறியும் வரம்பு (இருக்கிறது என்று சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு) என்பது பிளாங்கின் சராசரியுடன் அதன் திட்ட விலக்கத்தை மும்மடங்காக்கிக் கூட்டியது. பிளாங்க் ஆடினால் வரம்பும் எகிறும்.

எனவே பாத்திரத்திலிருந்து தொடங்க வேண்டும். கண்ணாடிச் சாமான்களை 400 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டு, ஆறியதும் அதேபோல் சுட்ட அலுமினியத் தாளால் மூடுங்கள். அளவுக் குடுவையைச் சுட்டால் அளவு போய்விடும். அதை ஹெக்சேனில் அலசினால் போதும். வினைல் (பிவிசி) கையுறை உள்ளே வரவே கூடாது. 2000-இல் ஜப்பானில் கடையில் விற்ற பென்டோ பெட்டிச் சாப்பாட்டில் டிஇஹெச்பி என்ற தாலேட் ஏறியதற்கும் அதுதான் காரணம்: ஆல்கஹால் தெளித்த பிவிசி கையுறையால் உணவைத் தொட்டிருந்தார்கள்.

149-ஐ மட்டும் நம்பிப் பெயர் சொல்லக் கூடாது. பெரும்பாலான தாலேட்டுகள் உடைந்து அதே துண்டைத்தான் தரும். டிஇஹெச்பி என்றால் 167, 279 இரண்டும் சரியான விகிதத்தில் வர வேண்டும், வெளிவரும் நேரமும் பொருந்த வேண்டும். 2011-இல் தைவானில் புரோபயாடிக் பொடியில் கலப்பட மருந்தைத் தேடும்போது எதிர்பாராத பீக் ஒன்று தென்பட்டது. அதைத் துரத்தியதில்தான் பானங்களுக்குக் கலங்கல் தரும் சேர்க்கையில் டிஇஹெச்பி ஊற்றியது வெளிவந்தது. வேண்டாத பீக் என்று ஒதுக்கியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

உடலில் அளப்பது இன்னும் வம்பு. சிறுநீரில் டிஇஹெச்பியையே தேடினால் சேகரித்த டப்பாவைத்தான் அளப்பீர்கள். டிஇஹெச்பி உடலுக்குள் உடைந்து ஆக்சிஜனேற்றமடைவதால் உண்டாகும் எம்இஹெச்ஹெச்பி போன்ற வளர்சிதைப் பொருள்களைத் தேட வேண்டும். தூசியிலிருந்து அவை வராது. உடல் ஒட்டிவிடும் சர்க்கரை அமிலத்தோடு குளுக்குரோனைடாகக் கட்டுண்டு கிடப்பவற்றை 37 டிகிரியில் என்சைம் விட்டு அவிழ்க்கிறோம். நத்தையிலிருந்து எடுத்த என்சைம் மலிவுதான், ஆனால் அதிலுள்ள லைப்பேஸ் என்ற இன்னொரு என்சைம், சாம்பிளில் புகுந்த தாலேட்டையும் பாதி உடைத்து, உடலில் உண்டாவது போன்ற மோனோஎஸ்டராக்கிவிடும். ஈ.கோலை பாக்டீரியாவின் என்சைமே உத்தமம். அவிழ்ந்ததா என்று பார்க்க அதே கட்டுள்ள சோதனைப் பொருளான மெத்திலம்பெல்லிஃபெரோன் குளுக்குரோனைடைச் சேர்த்து ஓட்டுவார்கள்.

ரத்தத்திலும் இதே லைப்பேஸ் தொல்லைதான். எடுத்தவுடன் அதை முடக்க பாஸ்பாரிக் அமிலம் சேர்க்காவிட்டால், குழாயிலிருந்து கசிந்த டிஇஹெச்பி சீரத்திலேயே அதன் மோனோஎஸ்டரான எம்இஹெச்பியாக மாறி, நோயாளியின் கணக்கில் ஏறிவிடும்.