பல் குறைந்த மண்டை ஓடு

போன வாரம் என் டி-ஷர்ட் பிரிண்டிங் கடைக்கு மூன்று காலேஜ் பையன்கள் வந்தார்கள். கறுப்பு டி-ஷர்ட், நெஞ்சில் வெள்ளையில் ஒரு மண்டை ஓடு, பன்னிரண்டு பீஸ். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைத் திறந்ததும் சிரித்துவிட்டேன். அந்த முகத்தோடு எனக்கு இருபது வருடப் பழக்கம்.

"இது யாருன்னு தெரியுமாப்பா?"

"தெரியலண்ணா. டிசைன் செமையா இருந்துச்சு."

1946ல் வந்த ஓர் அமெரிக்க சினிமாத் தொடரின் வில்லன் போட்ட முகமூடி அது. 1977ல் நியூஜெர்சியின் லோடை என்ற சின்ன ஊரில் கிளென் டான்சிக் தொடங்கிய மிஸ்ஃபிட்ஸ் என்ற ராக் இசைக்குழு அதைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. பேய்க்கதைகளை வேகமான, முரட்டு பங்க் ராக்கில் பாடுவது, ஹாரர் பங்க் என்று பின்னால் பெயர் வாங்கிய அந்த வகைக்கு அவர்கள்தான் தலைக்கட்டு. அந்தக் குழுவின் பழைய ஆட்களே வியாபாரப் பொருட்கள் தொடர்பாக 2014ல் கோர்ட்டுக்குப் போனார்கள். காவேரிப்பட்டணத்தில் ஒருவன் அதே மண்டை ஓட்டை டி-ஷர்ட்டில் அடித்துக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாத வரை சரி.

2004ல் பெங்களூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வேலை. ரூமில் கூட இருந்த ஷில்லாங் பையன்தான் 1982ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கொடுத்தான். பதின்மூன்று பாட்டு, மொத்தமே சுமார் 25 நிமிடம். சில்க் போர்டு சிக்னலில் பஸ் நின்றால் அடுத்த சிக்னலுக்குள் ஆல்பம் முடிந்துவிடும். கிட்டாரில் மூன்றே கார்டு (chord), மூச்சு முட்டும் வேகம். ராத்திரி டிவியில் போட்ட மலிவான பேய்ப்படங்களும் வேற்றுக்கிரகப் படங்களும்தான் பாட்டுக்குப் பொருள். ஆனால் மெட்டைக் கவனித்தால் ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல். கோரஸ் வரும்போது எல்லோரும் சேர்ந்து "ஓ... ஓ..." என்று இழுப்பார்கள். பயத்தைக் கூட்டமாகக் கத்திப் பாடினால் அது எவ்வளவு சந்தோஷமான விஷயமாகிவிடுகிறது என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

அக்கா பையன் கிட்டார் வாசிப்பான். கடையில் இந்தப் பாட்டு ஓடினாலே அவனுக்குச் சிரிப்பு. "மாமா, இன்னுமா இதைக் கேக்கற? நாப்பது வருஷமா அதே ஜாம்பி, அதே சவப்பெட்டி, அதே ஓ... ஓ..."

பையன் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. பின்னால் வந்த குழுக்களில் பல, மிஸ்ஃபிட்ஸைப் பார்த்து மிஸ்ஃபிட்ஸை வரைந்தவை. நெற்றியில் தொங்கும் அந்த முடி வரைக்கும் அதேதான். பையன்கள் அனுப்பிய படமும் அந்தக் கதைதான். எங்கிருந்தோ இறக்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை இன்னொருவன் இறக்கி, ஓரமெல்லாம் பிசிறு. பெரிதாக்கிப் பார்த்தால் கீழ்வரிசைப் பல் இரண்டைக் காணோம். அப்படியே பிலிம் எடுத்து அச்சடிக்கும் வலைத்துணியான ஸ்கிரீனில் ஏற்றினால் மிச்சமிருக்கும் பல்லும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வெள்ளைத் திட்டாக இறங்கும். கறுப்புத் துணியில் வெள்ளை மையை இரண்டு தடவை இழுக்க வேண்டியிருக்கும். மை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் கண்குழிக்குள் மை கசிந்து மண்டை ஓடு மாறுகண் ஆகிவிடும். ராத்திரி உட்கார்ந்து பல்லெல்லாம் கையால் வரைந்தேன்.

எல்லோரும் நகல் எடுத்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானின் பால்சாக் 1992ல் தொடங்கிய குழு. தோற்றம் மிஸ்ஃபிட்ஸ் மாதிரி இருக்கும், பாட்டு ஜப்பானிய மொழியில் வரும்போது வேறொரு இருட்டு. இங்கிலாந்தின் கிரீப்பர் 2023 ஆல்பத்தில் ரத்தக்காட்டேரிக் கதையை நாடகம் மாதிரி இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். அக்கா பையனுக்கு அது பிடித்துவிட்டது. "ஆனா இது பங்க் இல்ல மாமா" என்றும் சொன்னான். என்ன செய்வது?

என் கணக்கு வேறு. லோடைப் பையன்கள் பாடியது அவர்கள் வீட்டு டிவியில் பார்த்து வளர்ந்த பயம். அடுத்தவன் அந்தப் பயத்தையே கடன் வாங்கினால் அது பயம் இல்லை, வெறும் மாறுவேடம். ஹாலோவீனுக்கு அவர்கள் செய்கிற மாதிரி பூசணிக்காயில் முகம் வெட்டி விளக்கு வைத்தால் எனக்கு என்ன பயம் வரும்? எங்களுக்குப் பூசணிக்காய் என்றால் ஆயுத பூஜைக்கு நடுரோட்டில் போட்டு உடைப்பது. பைக்கில் போகிறவனுக்குத்தான் பயம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ராத்திரி பிரேக்கை மிதித்து மிதித்து லாரி ஓட்டுகிறவரைக் கேளுங்கள், இரண்டு நிமிடப் பாட்டுக்கு வேண்டியதெல்லாம் தருவார்.

மண்டை ஓட்டுக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. மாசி அமாவாசை மயானக் கொள்ளை அன்று வந்து பாருங்கள். முகத்தில் கறுப்பும் சிவப்பும் பூசி, நாக்கைத் தொங்கவிட்டுக் காளி வேஷத்தில் வருகிறவர், காலையில் என் கடைக்குப் பக்கத்தில் டீ குடித்தவர்தான். ஆனால் பம்பை முழங்க எதிரே வரும்போது "என்னண்ணே" என்று கூப்பிட வாய் வராது. அங்காளம்மன் கதையிலும் ஒரு மண்டை ஓடு உண்டு. பிரம்மனின் கபாலம் சிவன் கையில் ஒட்டிக்கொண்டு, விழுகிற பிச்சையையெல்லாம் அதுவே தின்றுவிடும். அம்மன் மயானத்தில் சோற்றைச் சூறைவிட, பசி தாங்காமல் கபாலம் கீழே இறங்கும். பசித்த மண்டை ஓடு! டி-ஷர்ட்டில் இருப்பது சும்மா சிரித்துக்கொண்டிருக்கிறது.

இதைச் சாமி விஷயத்தோடு விளையாடுவதாக யாராவது நினைக்கலாம். அந்தக் கூட்டத்தில் சிரிப்பு, கூச்சல், விசில், குழந்தைகளின் அழுகை எல்லாம் கலந்துதான் இருக்கிறது. பயமும் கொண்டாட்டமும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதை எங்கள் ஊருக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தரவில்லை.

இந்த மாசியில் அக்கா பையன் கூட்டத்துக்குள் புகுந்து போனில் பம்பையைப் பதிவு செய்துகொண்டு வந்தான். நான் சொல்லி இல்லை, அவனாகத்தான். அதன்மேல் கிட்டாரைப் போட்டுப் பார்க்கிறான். "நாலு நாலா எண்ணினா உக்கார மாட்டேங்குது மாமா" என்று இரண்டு வாரமாகப் புலம்பல். நேற்று அனுப்பியதில் ஒன்றரை நிமிடம் வரை எப்படியோ சேர்ந்து ஓடுகிறது. அப்புறம் பம்பை திடீரென்று வேகம் எடுக்க, கிட்டார் தடுமாறிப் பின்னால் விழுந்து, மறுபடி எழுந்து ஓடுகிறது. அந்த இடத்தை மட்டும் பத்துத் தடவையாவது போட்டுக் கேட்டிருப்பேன். அதை வெட்டிடாதேடா என்று சொன்னேன். அது தப்பு மாமா, சரி பண்ணணும் என்கிறான்.