ஹவுஸ் ஓனர் வருவாரா?

"உங்க ஹவுஸ் ஓனர் இங்கெல்லாம் வருவாராண்ணா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வருஷம் ஆகிறது.

தூய்மைப் பணியாளர்கள் 12 பேரின் முகங்களைப் படமெடுத்து, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஆர்ட் கேலரியில் மாட்டுவது என்று திட்டம். கலைஞர் வெளியூர்க்காரர். ஆள் தேடுவது, பேசுவது, கையெழுத்து வாங்குவது, பணம் கொடுப்பது என் வேலை. தலைக்கு ஆயிரம் ரூபாய், படம் எடுக்க இருபது நிமிஷம். குறைவு என்று சொல்ல முடியாது. (இப்படிக் கணக்குச் சொல்லும்போதே கூச்சமாகத்தான் இருக்கிறது.)

பேனாவை வாங்கிக்கொண்டு தயங்கியவர் அவர் ஒருவர்தான். "மூஞ்சி தெரியுமா மேடம்?" தெரியும் என்றேன். "ஹவுஸ் ஓனருக்குத் தெரியாது. கார்ப்பரேஷன்ல வேலைன்னு சொல்லித்தான் வீடு எடுத்திருக்கேன்." பொய் இல்லை, கார்ப்பரேஷன் வேலைதான். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. யூனிஃபார்ம் கோட்டை வார்டு ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாராம்.

அப்போதுதான் நான் அப்படிக் கேட்டேன்.

நான் சொன்னதில் தவறு இல்லை என்று பல முறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். கேலரிக்கு யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். கவின்கலைக் கல்லூரி மாணவர்கள், மற்ற கலைஞர்கள், திறப்பு விழா அன்று நாலு பணக்காரர்கள். வாடகைக்கு ரெண்டு போர்ஷன் விட்டிருக்கும் ஒருவர் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வரமாட்டார். ஆனால் இந்த வேலைக்காரர்களைப் பார்க்காமல் கடந்துபோகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே படங்கள்? யார் பார்க்க வேண்டுமோ அவர் வரமாட்டார் என்று சொல்லித்தான் கையெழுத்தே வாங்கியிருக்கிறேன். அன்று இது உறைக்கவில்லை.

எங்கள் கலைஞருக்கு முன்மாதிரி அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூகலீஸ். பேச்சுக்குப் பேச்சு அந்தப் பெயர் வரும். பெருக்குவது, துடைப்பது, பிள்ளை வளர்ப்பது எல்லாமே கலைதான் என்று 1969இல் அறிக்கை எழுதியவர். 1979 ஜூலையில் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருஷம் நியூயார்க் துப்புரவுத் துறையின் 8,500 பேரையும் நேரில் பார்த்து, ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, இந்த நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று சொன்னார். அவர் கைகொடுத்தார், நாங்கள் கேமராவை நீட்டினோம் என்று எழுதிவிடலாம். எழுதியும் பார்த்தேன். ஆனால் அங்கேயும் கேமரா இருந்தது, அந்த மனிதர்களின் முகங்களும் படங்களில் தெரிகின்றன. அதனால் அந்த ஒப்பீடு சரியாக நிற்கவில்லை.

1983இல் அவர் செய்த இன்னொன்றுதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது. ஒரு குப்பை லாரியின் பக்கங்களைக் கண்ணாடியால் மூடி ஊர்வலத்தில் ஓடவிட்டார். தெருவில் நின்றவர்களுக்கு லாரியில் தெரிந்தது அவர்கள் முகம்தான். அதில் எந்தத் தொழிலாளியும் மூஞ்சியைக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இதைக் கலைஞரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம். எனக்கு அப்போது தோன்றவே இல்லை. கையெழுத்து வாங்கும் அவசரம். தவிர, இங்கே குப்பை அள்ளும் வேலையோடு சாதியும் சேர்ந்தே வருகிறது. வேலை என்னவென்று தெரிந்தால் அடுத்த கேள்வி எது என்று வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரித்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாளிதழின் இணைப்பில் கண்காட்சியைப் பற்றி அரைப்பக்கம் வந்தது. நடுவில் அவர் படம். மற்றப் படங்களைவிட அதில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது என்று பார்த்து அதைப் பத்திரிகைக்கு அனுப்பியது நான். ஹவுஸ் ஓனர் ஞாபகம் வந்தது காலையில் காபி குடித்துக்கொண்டே அதைப் பிரித்தபோதுதான். கேலரிக்குத்தான் வரமாட்டார், பேப்பர் வாங்குவாரே.

மீதிப் பணம் வாங்க வந்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படத்தில் ஒரு பிரதி கேட்டார், கொடுத்தேன். அப்படியானால் அவருக்குச் சந்தோஷம்தானே என்று சில நாள் நிம்மதியாக இருந்தேன். "உள்பக்கமா சுருட்டிக் குடுங்க மேடம்" என்று அவர் சொன்னது மட்டும் அந்த நிம்மதிக்குள் அடங்கவில்லை. ஒருவேளை மை உரியாமல் இருக்கச் சொல்லியிருக்கலாம்.

இப்போது அந்தப் படங்கள் வேறு ஊருக்குப் போகின்றன. போன வாரம் கலைஞர் பட்டியல் அனுப்பியிருந்தார், 12 படங்களும் அதில் இருக்கின்றன. படிவத்தின்படி யாரிடமும் மறுபடி கேட்கத் தேவையில்லை. இருந்தாலும் கேட்கலாம் என்று அந்த அண்ணாவின் நம்பரைத் தேடினேன். பெயரைப் போட்டால் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் கிடைத்தது. 'படம் 7' என்று சேமித்து வைத்திருக்கிறேன்.

இன்னும் கூப்பிடவில்லை.