ஃபைபர் டைனோசரும் அரியலூர்ச் சுண்ணாம்பும்

கண் பரிசோதனைக்காக அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த என் தாய்மாமாவை ஞாயிற்றுக்கிழமை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்விக்கு, எங்கள் வேளச்சேரி வீட்டின் எட்டு வயது அதிகார மையம் யாரையும் கலந்தாலோசிக்காமல் விடை சொல்லிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிஜ அளவு டைனோசர் உருவங்களை வெட்டவெளியில் நிறுத்தியிருக்கும் ஒரு பூங்காவுக்குத்தான் போக வேண்டுமாம். அப்படியே கொஞ்சம் தள்ளி மாமல்லபுரம் போய்விடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அங்க யானைதானேப்பா இருக்கு, அத ரெண்டு தடவ பாத்தாச்சு" என்று என் மகள் அந்தப் பேச்சை முடித்துவைத்தாள்.

பதினோரு மணி வெயிலில் உள்ளே நுழைந்தவுடன் எதிரில் நின்றது டைரனோசாரஸ் ரெக்ஸ். எங்கள் காலடிச் சத்தத்துக்கே விழித்ததுபோல் தலையைத் திருப்பி, வாயைத் திறந்து, உறுமியது. உண்மையில் அதை எழுப்பியது புதருக்குள் இருந்த சிறிய உணர்கருவி. உறுமல் வந்ததோ பாறைபோல் வண்ணம் பூசிய ஒலிபெருக்கியிலிருந்து. இரும்புச் சட்டத்தில் மோட்டார்களைப் பொருத்தி, அதன்மேல் நுரைப்பஞ்சைச் செதுக்கி ஒட்டி, அதற்கும் மேலே சிலிக்கோன் தோல் போர்த்திச் செய்யப்படும் இந்த உருவங்களைப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பதுதான் அவற்றுக்கு மரியாதை. நான் கிட்டே போய்விட்டேன். கணுக்காலில் தோல் கிழிந்து மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்க்க, அதற்குச் சற்று மேலே யாரோ ஒரு காதலர் பேனாவால் இதயம் வரைந்து இரண்டு எழுத்துகளைப் பொறித்திருந்தார். முதல் உறுமலுக்கு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த மகள், மூன்றாவது உறுமலுக்குள் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். தாடை நான்கு முறை அசைந்ததும் எல்லாம் அடங்கிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு, பின்னால் வந்த குழந்தைகளுக்கு அதை விளக்கவும் தொடங்கினாள்.

அசையாத உருவங்கள் எல்லாம் அச்சில் வார்த்த ஃபைபர். அவற்றில்தான் என் மனம் சங்கடப்பட்டது. டைரனோசாரஸை எதிர்த்து ஸ்டெகோசாரஸ் வாலைச் சுழற்றுவதுபோல் ஒரு காட்சி அமைத்திருந்தார்கள். முதுகில் தகடுகள் வரிசையாக நிற்கும் ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. டைரனோசாரஸின் காலமோ 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு முடிந்தது. அதாவது ஸ்டெகோசாரஸுக்கும் டைரனோசாரஸுக்கும் இடையே உள்ள தொலைவைவிட, டைரனோசாரஸுக்கும் என் மகளுக்கும் இடையே உள்ள தொலைவு குறைவு. இதைச் சொன்னபோது அவள் அந்த விலங்கைச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அடுத்த வளைவில், வான்கோழி அளவே இருந்த, இறகுகள் கொண்ட வெலாசிராப்டரை என் உயரத்துக்கு வளர்த்து, கோழி உரித்ததுபோல் மொழுமொழுவென்று நிறுத்தியிருந்தார்கள். முதுகில் பாய்மரம் விரித்த டைமெட்ரோடான் டைனோசரே அல்ல. முதல் டைனோசர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே மறைந்துபோன அது, உறவு முறையில் பல்லிகளைவிடப் பாலூட்டிகளுக்கு, அதாவது நமக்கு, நெருக்கமானது. பலகையில் அதற்கும் 'டைனோசர்' என்றே பெயர். அங்கிருந்த பணியாளர் இளைஞரிடம் மெதுவாகக் கேட்டேன். "செட்டா வந்துச்சு சார், எடம் இருந்த எடத்துல நிறுத்திட்டோம்" என்றார். அந்த நேர்மைக்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

தவறான உருவங்களுக்கு நெடிய மரபு உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1842-இல் டைனோசர் என்ற இனப்பெயரை உருவாக்கிய பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் சிற்பி பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் உலகின் முதல் நிஜ அளவு டைனோசர் சிலைகளை நிறுத்தினார். அவருடைய இகுவானோடானின் மூக்கில் காண்டாமிருகத்துக்கு இருப்பதுபோல் ஒரு கொம்பு இருக்கும். 1878-இல் பெல்ஜியத்துச் சுரங்கம் ஒன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் அது கொம்பல்ல, கைக்கட்டைவிரலின் முள் என்பது உறுதியானது. தவறென்று தெரிந்தும் அந்தச் சிலைகளை யாரும் இடிக்கவில்லை. இன்று அவை சட்டப் பாதுகாப்புப் பெற்ற நினைவுச்சின்னங்கள். ஆனால் ஹாக்கின்ஸ் தம் காலத்தின் அறிவு எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் போய்த் தவறு செய்தார். நம் பூங்காக்காரர்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்தவுடனேயே தவறு செய்துவிட்டார்கள்.

இத்தனை நேரமும் மாமா எந்த டைனோசரையும் பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகள் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர் அவர். பிராக்கியோசாரஸின் கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னால் அதன் கான்கிரீட் பீடத்தைக் குனிந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, இது நம்ம ஊரு சிமெண்டா இருந்தாலும் இருக்கும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். கொஞ்சம் நடந்த பிறகுதான் அது சிரிக்கிற செய்தியல்ல என்று உறைத்தது.

அரியலூர்ச் சுற்றுவட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல், டைனோசர்களின் கடைசி யுகமான கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதிக் கட்டத்தில் அங்கே பரவியிருந்த கடலின் அடியில் படிந்தது. கல்லங்குறிச்சிப் பாறை அடுக்கில் சிப்பிகள் அடைஅடையாகக் கிடக்கும். சிறுவயதில் விடுமுறைக்குப் போகும்போது, கடலே இல்லாத ஊரின் கொல்லையில் கிளிஞ்சல் பொறுக்கியிருக்கிறேன். அதில் வியப்பதற்கு ஏதாவது இருப்பதாக அன்று தோன்றியதே இல்லை. ஆகவே மாமாவின் ஊகம் சரியாக இருந்தால், பூங்காவில் மேலே நின்றது ஃபைபர். காலடியில் கிடந்ததுதான் அசல். டைரனோசாரஸ் வட அமெரிக்காவில் உலவத் தொடங்குவதற்குச் சற்று முன்பு நம் கடலில் உயிரோடிருந்த சிப்பிகளை நீற்றி அரைத்த பொடியின்மேல்தான் அது உறுமிக்கொண்டிருந்தது.

கடல் பின்வாங்கிய பிறகு அதே நிலத்தில் டைனோசர்களும் நடந்தன. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பெரும் எலும்புகளை வைத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் இறுதியில் ஒரு புதிய டைனோசரை அறிவித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பிருகத்காயோசாரஸ், அதாவது பேருடல் பல்லி. அதே மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் வீற்றிருக்கும் பிரகதீஸ்வரரின் 'பிருகத்'தான் இதுவும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்று எழுதப்பட்ட அது, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று பின்னர் திருத்தப்பட்டது. இன்று அந்த எலும்புகள் இல்லை. ஈரத்தில் ஊறி இளகியிருந்த அவை, பாதுகாப்பதற்குள் நொறுங்கிப் போயின. எஞ்சியவை கோட்டோவியங்களும், 2022-இல் வெளிவந்த சில பழைய நிழற்படங்களும்தான். உலகில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இது இருந்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. எலும்பே இல்லாதபோது எதைச் சொல்வது என்று தயங்குபவர்களும் உண்டு. நான் தயங்குபவர்களின் பக்கம். 'உலகின் பெரிய டைனோசர் தமிழன்' என்று சமூக ஊடகங்களில் சுற்றும் படங்களைப் பார்க்கும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் இருபதுக்கும் மேற்பட்ட உருவங்கள் நின்ற அந்தப் பூங்காவில் கல்லமேட்டின் பெயர் ஒரு பலகையில்கூட இல்லை என்பது உறுத்தியது. குஜராத்தின் ரகியோலியில் கிடைத்து 2003-இல் பெயர் பெற்ற ராஜசாரஸும் இல்லை. கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்து, அகழ்வு நடந்த தாகூர் நூற்றாண்டு விழா ஆண்டை நினைவுகூர்ந்து பாராபாசாரஸ் தாகூரி என்று பெயர் சூட்டப்பட்ட பெரிய கால் பல்லியும் இல்லை. முழு உருவம் வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. எலும்புகளே போய்விட்ட ஒரு விலங்குக்குக் கற்பனையாகத் தோலும் நிறமும் பூசுவதைவிட, 2 மீட்டர் நீள எலும்பு ஒன்றை மட்டும் ஃபைபரில் வார்த்து, பக்கத்தில் ஒரு கூடை அரியலூர்ச் சிப்பிகளைக் கொட்டி வைத்தால் போதும்.

வெளியே வரும் வழியில் படம் எடுத்துத் தரும் கடையில் கூட்டம். மாமாவும் பேத்தியும் முட்டையோட்டுக்குள் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். காரில் வரும்போது வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்லி, அடுத்த விடுமுறைக்கு அங்கே வருவதாக அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் என் பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்துவந்தாள். கூடத்துச் சுவரில், கதவு நிலைக்கு அரைச் சாண் கீழே, 2 மீட்டர் உயரத்தில் நாற்காலி போட்டு ஏறி ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாள். மாமாவை அதன் கீழே நிற்கச் சொன்னாள். அவர் நிமிர்ந்து நின்றும் ஒன்றரைச் சாண் குறைந்தது. "தாத்தா, இது அதோட முட்டிக்குக் கீழ மட்டும்தான்" என்றாள். மாமா திரும்பி ஸ்டிக்கரை ஒருமுறை பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மேலே எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தார்.