வடக்குச் சுவரோரம் ஆறு மீட்டர்

மெல்பர்னுக்கு வந்த முதல் ஐந்து வருஷமும் எங்கள் தோட்டம் தொட்டிகளில்தான் இருந்தது. வாடகை வீட்டில் தரையைத் தோண்ட மனசு வராது. மூன்று வீடு மாறினோம். ஒவ்வொரு முறையும் கட்டில், அலமாரி எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் காரின் முன்சீட்டில் என் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போவேன்.

அந்தச் செடியை முதல் வருஷமே இழந்திருக்க வேண்டியது. எனக்கு ஊர் கோவில்பட்டி பக்கம். அங்கே வெயில் தலைக்கு நேர் மேலே அடிக்கும். எந்தச் சுவரோரம் செடி வைப்பது என்று யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை. மேற்கு வெயில் சுடும், அவ்வளவுதான். இங்கே பின்வாசல் தெற்குப் பார்த்திருந்தது. அடுப்படிக்குப் பக்கம் என்று அங்கேயே தொட்டியை வைத்தேன். ஏப்ரல் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஜூன் வந்ததும் வீட்டின் நிழல் அந்த இடத்தை முழுசாக மூடிவிட்டது. இங்கே, பூமியின் தென்பாதியில், சூரியன் வடக்கே போகிறது; குளிர்காலமான ஜூன் நடுவில் உச்சி மதியத்தில்கூட 30 டிகிரி உயரத்தைத் தொடுவதில்லை. தெற்குச் சுவரோரம் மூன்று மாசத்துக்கு வெயிலே கிடையாது. இலை மஞ்சளாகி, ஈர்க்கு ஈர்க்காகக் கழன்று, ஜூலை கடைசியில் ஒரு குச்சிதான் நின்றது.

அடுத்த தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளிலேயே இங்கே வந்தவர். கன்று கொடுத்ததே அவர்தான். செத்துப்போச்சு அண்ணா என்று சொன்னேன். வந்து குனிந்து, கட்டைவிரல் நகத்தால் குச்சியின் தோலை லேசாகக் கீறினார். உள்ளே பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. "உயிர் இருக்குது தங்கச்சி. வடக்குப் பக்கச் சுவரோட வையுங்கோ. தண்ணி ஊத்தாதேங்கோ. கார்த்திகையில துளிர்க்கும்" என்றார். அப்படியே துளிர்த்தது. அன்றிலிருந்து எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் கேட்பது வடக்கு எந்தப் பக்கம் என்பதுதான்.

2022-ல் மெல்பர்னின் மேற்கே செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு பழைய வீடு வாங்கினோம். வடக்குப் பக்கம் கொல்லை. செங்கல் சுவரை ஒட்டி ஆறு மீட்டர் நீளத்துக்கு நல்ல வெயில். மீதி இடத்தில் கால்வாசிக்கு முந்தைய சொந்தக்காரர் வைத்த ஆலிவ் மரத்தின் நிழல். அந்த மரத்தில் நாங்கள் கை வைக்கவில்லை, அது எங்களுக்கு முன்னால் வந்தது. ஆக, சண்டை முழுக்க அந்த ஆறு மீட்டருக்குத்தான்.

அந்த அக்டோபரில் அப்பா ஆறு மாசத்துக்கு வந்திருந்தார். வந்த மறுநாளே கொல்லையில் இறங்கி ஒரு கட்டி மண்ணை எடுத்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். விரலுக்கு நடுவில் அழுத்தி நாடா மாதிரி இழுத்தார். மூன்று அங்குலம் அறுந்துபோகாமல் வந்தது. "ஏம்மா, இது நம்ம கரிசல்லா!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெல்பர்னின் மேற்குப் பக்கம் பழைய எரிமலைக் குழம்பு பரவிய சமவெளி. தோண்டினால் கறுப்புக் களிமண், நடுநடுவே கடப்பாரையை மழுக்கும் எரிமலைப் பாறை, இங்கே அதை நீலக்கல் என்பார்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். கிழக்குப் பக்கத்தைவிட மழையும் குறைவு. வீடு வாங்கும்போது பலரும் அந்த மண்ணைக் குறையாகத்தான் சொன்னார்கள். கரிசலில் பிறந்து வளர்ந்த மனுஷனிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா? ஈரம் ஏறினால் விடாத மண் என்று அப்பா அதைத் தடவிக் கொடுத்தார்.

சரி, ஆறு மீட்டரில் என்ன வைப்பது?

என் கணக்கு சுருக்கமானது. கடையில் கிடைக்காததற்குத்தான் நல்ல இடம். கறிவேப்பிலை இங்கே அப்போது சின்னப் பொட்டலம் மூன்று டாலர், அதுவும் பாதி கறுத்திருக்கும். உறைய வைத்ததில் வாசமே இருக்காது. குண்டுமல்லி காசு கொடுத்தாலும் நினைத்த நாளில் கிடைக்காது. அதனால் இவை இரண்டும். என் வீட்டுக்காரருக்கு எலுமிச்சை வேண்டும். கடையில் கிடைக்கிறதே என்றேன். இங்கே பழைய வீடுகளில் பின்கட்டில் ஓர் எலுமிச்சை கட்டாயம் இருக்கும்; காய்த்துக் கொட்டும் காலத்தில் வாசலில் ஒரு பெட்டி நிறைய வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைப்பார்கள். வாடகை வீட்டுக் காலத்தில் அப்படி எத்தனையோ பெட்டியிலிருந்து எடுத்து ஊறுகாய் போட்டிருக்கிறோம். "அஞ்சு வருஷம் எடுத்தாச்சு. இனி நம்ம வாசல்லயும் ஒரு பெட்டி வைக்கணும்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

அப்பாவுக்கு முருங்கை. மாமா, எந்த இந்தியக் கடைக்குப் போனாலும் முருங்கைக்காய் உறைய வைத்தது இருக்கு, இந்தக் குளிரில் இங்கே காய்க்கவும் காய்க்காது என்று இவர் எடுத்துச் சொன்னார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காய்க்கு யாரு மாப்ள கேட்டா? கீரைக்கு என்ன செய்வீங்க?" என்றார். என்னுடைய கணக்கை வைத்தே என்னையும் மடக்கிவிட்டார். கொல்லையில் ஒடித்து அப்போதே ஆய்ந்து போடும் கீரையை எந்தக் கடையில் வாங்குவது?

என் மகளுக்கு அப்போது பத்து வயசு. பள்ளித் தோட்டத்தில் இந்த நாட்டுச் செடிகள்தான் வைத்திருந்தார்கள். வயிற்றில் நீலக்கோடு போட்ட தேனீ ஒன்று இருக்கிறதாம். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டு மகரந்தத்தை உதிர்க்குமாம். அது வந்தால் தக்காளி நன்றாகக் காய்க்குமாம். அதற்காகவாவது கங்காரு பா, கிரெவில்லியா என்ற பூச்செடிகள் இரண்டும் வேண்டும் என்றாள். நீங்கள் எல்லாரும் ஊர்ச் செடியே கேட்கிறீர்கள், இந்த ஊர்ச் செடிக்கு யார் கேட்பது என்றும் கேட்டாள். அவளுக்கு இதுதான் ஊர் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கடைசியில் சுவரின் ஒரு முனையில் எலுமிச்சை, மறுமுனையில் முருங்கை, நடுவில் கறிவேப்பிலை, அதன் பக்கத்தில் தொட்டியில் மல்லி என்று முடிவாயிற்று. நாட்டுச் செடிகளுக்கு முன்வாசல். அது அவளுக்குப் பிடித்திருந்தது, தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே.

எலுமிச்சையில் லிஸ்பன் வாங்கினோம். முள் அதிகம், ஆனால் குளிர் தாங்கும், தோல் ஊறுகாய்க்கு ஏற்றது. மேயர் என்று ஒரு ரகம் எல்லாரும் சொல்வார்கள். அது தோல் மெலிசு, இனிப்பு கலந்த புளிப்பு. சாறுக்கு நல்லது, ஊறுகாய்க்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரியில் ஒருநாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். குரலில் ஒரு பரபரப்பு. எலுமிச்சையின் அடியில், ஒட்டுப்போட்ட முடிச்சுக்குக் கீழே, புதிதாக ஒரு தளிர் கிளம்பியிருந்தது. நீள முள். ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலை. "வில்வம்!" என்றார். அப்படியேதான் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். இவர் வந்து பார்த்துவிட்டு, "மாமா, இது அடிச்செடி. எலுமிச்சையை இதுமேலதான் ஒட்டியிருக்காங்க. விட்டா இது வளர்ந்து எலுமிச்சையை அமுக்கிடும், வெட்டணும்" என்றார். மூவிலை நாரத்தை இனத்தில் ஒன்று அது. களிமண்ணையும் குளிரையும் தாங்கும் என்று இங்கே அதன் மேல்தான் பெரும்பாலும் ஒட்டுப்போடுகிறார்கள். அப்பா ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தார். பிறகு எலுமிச்சை இலை ஒன்று. பிறகு கறிவேப்பிலை. மூன்றையும் மாற்றி மாற்றி மோந்துவிட்டு, "எல்லாம் ஒரே வம்சம்" என்றார். உண்மைதான், வில்வத்தையும் சேர்த்து எல்லாமே ஒரே குடும்பச் செடிகள். படிக்காத மனுஷர் மூக்கால் கண்டுபிடித்தார். தளிரை வெட்ட ஒத்துக்கொண்டார், ஆனால் கத்தரியை அவரே வாங்கிக்கொண்டார். வெட்டிய மூன்று இலைகளும் எங்கள் பூஜை அலமாரியில் பிள்ளையார் காலடியில் காயும்வரைக்கும் இருந்தன.

மல்லியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜனவரியில் இங்கே இருட்டவே ஒன்பது மணியாகும். மொட்டு வெடிப்பதும் அப்போதுதான். ஏழெட்டு மொட்டு கிடைத்தாலும் பறித்து ஈரத்துணியில் வைத்து, மகளுக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். நார் கிடையாது, தையல் நூல்தான். இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. அவள் இழுத்த இழுப்பில் முதல் நாள் நாலு மொட்டின் காம்பு அறுந்தது. மார்ச்சுக்குள் விரல் பழகிவிட்டது. குளிர்காலத்தில் அந்தத் தொட்டி துணி துவைக்கும் அறையின் ஜன்னலுக்கு உள்ளே வந்துவிடும். தரையில் வைக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள், நான் கேட்கவில்லை.

முன்வாசலில் நான் ஒரு தப்புச் செய்தேன். கிரெவில்லியா வாடின மாதிரி தெரிந்தது. பாவமாக இருக்கிறதே என்று ரோஜாவுக்குப் போடும் உரத்தைக் கைநிறைய அள்ளி வைத்தேன். மூன்று வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகி, செடியே போய்விட்டது. இந்த நாட்டு மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. கிரெவில்லியா போன்ற செடிகள் அந்தக் குறைவுக்கே பழகி வளர்ந்தவை. அதிகமாகக் கொடுத்தால் தாங்காது. நாட்டுச் செடிக்கென்று தனி உரம் விற்கிறார்கள், அதைத்தான் போட வேண்டும், போடாவிட்டாலும் குற்றமில்லை. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயம்தான். இரண்டாவது செடி அவள் கையால் வைத்தது, நன்றாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு வியட்நாம் பாட்டிக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. அவர் வேலியில் கொடிப்பசலை ஏறியிருந்தது. அப்பா அதைக் காட்டி வாயில் போடுவதுபோல் கையால் கேட்டார். மறுநாள் வேலிமேல் ஒரு கட்டுக் கீரையும், வேர்விட்ட நாலு தண்டும் இருந்தன. நாங்கள் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்தோம். அதை அவர் எதில் போட்டார் என்று இன்றுவரைக்கும் தெரியாது, ஆனால் மறுபடி கேட்டு வாங்கினார்.

தக்காளி நாற்றை மெல்பர்ன் கப் குதிரைப் பந்தய நாளில், அதாவது நவம்பர் முதல் செவ்வாயில் வைக்க வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். அதற்கு முன்னால் வைத்தால் ராத்திரிக் குளிரில் நின்ற இடத்திலேயே நிற்கும். பழுக்கும்போது போசம் வரும், ராத்திரியில் வந்து பழத்தைக் கடிக்கும் பூனையளவுப் பிராணி. அப்பா கல்லை எடுத்தார். அதை அடிக்கக் கூடாது, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி என்று பேத்தி தடுத்தாள். வலை போடவும் விதி இருக்கிறது. கண்ணி 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், பெரிய கண்ணியில் பறவையும் வௌவாலும் சிக்கிச் செத்துப்போகும் என்று 2021-லிருந்து எங்கள் விக்டோரியா மாநிலத்தில் இந்த விதி. விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம் என்று கடையில் அப்பாவே ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்து வாங்கினார்.

முருங்கைதான் பாக்கி. குயின்ஸ்லாந்தில் வளர்த்த கன்றை நவம்பரில் வைத்தோம். ஏப்ரலில் அப்பா கிளம்பும்போது என் தோளுக்கு மேல் நின்றது. நாலு தடவை கீரை ஆய்ந்திருந்தோம். ஜூலையில் அடி அழுகிச் சாய்ந்தது. களிமண் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது, குளிரில் தூங்கும் வேருக்கு அது ஆகவில்லை. போனில் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மேட்டுல வை. அடியில கல்லுப் போடு" என்றார். தோண்டி எடுத்த நீலக்கல்லையெல்லாம் குவித்து, மணல் கலந்து, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி அடுத்த கன்றை வைத்தோம். அதுவும் குளிரில் இலை கொட்டி, ஆகஸ்டில் உறைபனி விழுந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. செப்டம்பர் கடைசியில் இவர் மண்வெட்டியோடு போனார். அந்த இடத்தில் கமலா ஆரஞ்சு வைக்கலாம், மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன் என்றார்.

நான் குனிந்து, தரையோடு ஒட்டின இடத்தில் நகத்தால் கீறினேன். பச்சை. இவரும் உட்கார்ந்து பார்த்தார். பிறகு மண்வெட்டியைக் கொட்டகையில் வைத்துவிட்டு, கருகின பாகத்தை அறுக்க ரம்பத்தை எடுத்துவந்தார்.