ஒரு பல் குறைந்தால்

சுங்கை சிப்புட் பட்டறைத் தரையில் கிடந்த என் பைக்கின் முன் ஸ்புராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, கையில் எடுத்துப் பார்த்தேன். பல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, செம்பனைக் குலை வெட்டுகிற அரிவாள் மாதிரி வளைந்திருந்தது.

இதை வைத்துக்கொண்டா போன வாரம் பினாங்கு வரை போய் வந்தேன்!

செயினையும் இரண்டு ஸ்புராக்கெட்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த செயின் புதுப் பல்லைச் சீக்கிரமே தின்றுவிடும். அதில் பேச்சில்லை. பேச்சு, எத்தனை பல் என்பதில்தான்.

என் யமஹா எம்டி-09 பைக்குக்குக் கம்பெனி கொடுத்தது 16க்கு 45: முன்னால் 16 பல், பின்னால் 45.

"முன்னால 15 போடுங்கண்ணே, பறக்கும்" என்றான் பட்டறைத் தம்பி.

15க்கு 45 என்றாலும், 16க்கு 48 என்றாலும் கணக்கு ஒன்றுதான். பின் பல்லை முன் பல்லால் வகுத்தால் சரியாக 3. ஆனால் முன்னால் சிறுத்தால் செயின் இன்னும் இறுக்கி வளைய வேண்டும், தேய்மானம் கூடும். பின்னால் பெருத்தால் செயின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். எப்படிப் போட்டாலும் இழுவை கூடும், ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்றில் போன அதே வேகத்துக்கு இனி 4,800.

அப்பா ஞாபகம் வந்தது. ரப்பர்ப் பால் டின்னோடு தோட்டத்து மேடு ஏற முடியவில்லை என்று தன் கப்சாய்க்கு, அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளுக்கு, பின்னால் பெரிய ஸ்புராக்கெட் போட்டவர். அவருக்கு மேடு இருந்தது, சுமையும் இருந்தது.

எனக்கு? வீட்டிலிருந்து நாசி லெமாக் கடை வரை சமதரை.

"16, 45-ஏ போடுப்பா" என்றேன். தம்பி முகம் வாடிவிட்டது.

பழைய ஸ்புராக்கெட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது மேசையில், கரண்ட் பில் மேல் உட்கார்ந்திருக்கிறது.