ஏலாக் கரையில் எட்டு சென்ட்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில், ஏலா என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியை ஒட்டி, வள்ளியாற்றில் சென்று கலக்கும் ஒரு சிற்றோடையின் கரையில் என் தந்தையார் எனக்கு எழுதிவைத்த எட்டு சென்ட் நிலத்தில் வீடு கட்டுவதற்கான அனுமதியைப் பெற எனக்குப் பத்து மாதங்கள் ஆயின. அதில் வீட்டின் வரைபடத்திற்குச் செலவான காலம் மூன்று வாரத்திற்கு மேல் இராது. மீதியெல்லாம் தண்ணீர் தொடர்பானது.

2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி வழங்கும் திட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்திருந்தது. என் மனை ஏறத்தாழ 3,485 சதுர அடி என்பதால் அந்தக் குறுக்குவழி எனக்கு இல்லை. வழக்கமான முறையில் விண்ணப்பித்தபோதுதான், முப்பது ஆண்டுகளாகத் தென்னை நின்ற அந்த நிலம் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் இன்னும் நஞ்செய் என்றே இருப்பது தெரியவந்தது. நஞ்செய் நிலத்தை மனையாக மாற்றுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். அதற்கு முன் வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் அறிக்கை தர வேண்டும். ஓர் அலுவலகத்தில் என் கோப்பு ஐந்து வாரம் அசையாமல் இருந்தது. விசாரித்தபோது, நான் இணைத்திருந்த, நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டும் புலப்படத்தின் நகல் தெளிவாக இல்லை என்பதே காரணம் என்றார்கள். அதை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

உண்மையான சிக்கல் அந்தப் புலப்படத்தில்தான் இருந்தது. அதில் என் நிலத்தின் கிழக்கெல்லையை ஒட்டி ஓடைப் புறம்போக்கு நான்கு மீட்டர் அகலத்தில் வரையப்பட்டிருக்கிறது. நேரில் பார்த்தாலோ ஒரு சிறுவன் தாண்டிவிடக்கூடிய அளவுக்கே அந்த ஓடை இருந்தது. நில அளவர் சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டபோது, அப்பா நட்ட தென்னைகளில் மூன்று ஓடைக்குள் நின்றன. ஆக்கிரமிப்பு என்ற சொல்லை அதுவரை நான் பிறரைப் பற்றி மட்டுமே பயன்படுத்தி வந்திருக்கிறேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. மரங்களை வெட்டி, வேலியைப் பின்னுக்கு நகர்த்திய பிறகே அடுத்த கட்டத்திற்குச் செல்ல முடிந்தது.

அந்த அடுத்த கட்டம் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று. மழைக்காலத்தில் மனையில் எவ்வளவு உயரத்திற்குத் தண்ணீர் நிற்கும், அது எந்த வழியாக வடியும் என்பதை அந்தத் துறை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு வந்த பொறியாளர் மட்டமானி கொண்டு சாலையின் மட்டத்தையும் மனையின் மட்டத்தையும் எடுத்த பின், பக்கத்து வீட்டு மாமியிடம் இங்கே வெள்ளம் வந்ததுண்டா என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பேச்சில் வெள்ளம் என்றால் குடிநீரும் வெள்ளம்தான் என்பது வெளியூர்க்காரரான அவருக்குத் தெரியாது. “ஏலாவுல வெள்ளம் இல்லாம இருக்குமா சாரே?” என்று மாமி சொல்ல, அவர் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிவிட்டார். நான் இடைமறித்து, 2021 நவம்பர் பெருமழையின்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டதும், மாமி தம் வீட்டுச் சுவரில் இன்னும் மங்காத கறையைக் காட்டினார். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் ஆக இரண்டு பருவமும் பெய்யும் மாவட்டத்தில், எந்தப் பதிவேட்டையும்விட நம்பகமான ஆவணம் அந்தக் கறைதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. பொறியாளரும் அந்த மட்டத்தையே எடுத்துக்கொண்டார்.

சான்று நிபந்தனைகளோடு வந்தது. மனை முழுவதையும் அந்த வெள்ள மட்டத்திற்கு மேல் மண்ணிட்டு, அடுக்கடுக்காக இறுக்கி உயர்த்த வேண்டும். மழைநீர் வடிய மனைக்குள் வடிகால் அமைக்க வேண்டும். ஓடையில் கட்டட இடிபாடுகளைக் கொட்டக் கூடாது. ஓடையின்மேல் சிறுபாலம் தேவைப்பட்டால் தனி அனுமதி பெற வேண்டும். ஓடை அருகில் இருப்பதால், கழிவுநீர் அதில் கலக்காதபடி மலக்குழியை மேற்கு ஓரத்திற்கு மாற்றி வரைபடத்தைத் திருத்தினோம். இவற்றில் எனக்கு மறுப்பேதும் இருக்கவில்லை. டிப்பர் லாரிக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன். அன்று மாலை மாமி வேலியருகே வந்து நின்று கேட்டார்: “மக்களே, ஒனக்க மண்ணு மேல ஏறுனா, வெள்ளம் எனக்க முற்றத்துக்குல்லா எறங்கும்?”

அந்தக் கேள்விக்கு விண்ணப்பத்தில் இடமில்லை. விதி ஒவ்வொரு மனையையும் தனித்தனியே பார்க்கிறது. தண்ணீரோ ஏலா முழுவதையும் ஒரே நிலமாகப் பார்க்கிறது. நான் மண்ணிட்டு உயர்ந்தால் மாமி தாழ்வார். மாமி உயர்ந்தால் அவருக்குக் கிழக்கே இருக்கும் வாழைத் தோப்பு தாழும். என் கட்டடப் பொறியாளரோடு கலந்துபேசி, மனையை இருந்த மட்டத்திலேயே விட்டுவிட்டுத் தூண்களின் மீது வீட்டின் தளத்தை மட்டும் உயர்த்தும் திருத்திய வரைபடத்தைச் சமர்ப்பித்தேன். செலவு கூடியது, ஏழு வாரமும் கூடியது. வீட்டுத் தளம் வெள்ள மட்டத்திற்கு மேல் இருப்பதால் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். முன்பணத்தில் பாதியை லாரிக்காரர் திருப்பித் தரவில்லை.

தளம் போட்டு முடித்த பின் வந்த ஐப்பசி மழையில் தூண்களுக்கிடையே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடி, இரண்டு நாளில் ஏலாவுக்குள் வடிந்தது. மாமியின் முற்றத்திலும் தண்ணீர் ஏறியது, ஆனால் திண்ணையைத் தொடவில்லை. வெட்டிய தென்னைகளில் இரண்டின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தாயிற்று. மூன்றாவது கட்டை மட்டும் ஜே.சி.பி. இறங்க இடமில்லாத வளைவில் ஓடைக்குள் இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அதில் சருகு வந்து அடைகிறது, நான்தான் இறங்கி எடுத்துவிடுகிறேன்.